மங்குஸ்தான்: முதல் பழத்தை உடைக்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கருஞ்சிவப்புத் தோலும் தலையில் தடித்த பச்சை இதழ்களுமாக இருக்கும் மங்குஸ்தானை யார் கையிலாவது கொடுத்தால் முதலில் வரும் கேள்வி, "இதை எப்படிச் சாப்பிடுறது?" என்பதுதான். அப்புறம் வரிசையாக இன்னும் பத்துப் பதினைந்து கேள்விகள் வரும். நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் பல வருடங்களாக வாய்வார்த்தையாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இந்தப் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு "சுமார்தான்" என்று ஒதுக்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நல்ல பழமே கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் ருசியைப் பற்றி எழுதியதைவிட, பழத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் உடைப்பது பற்றியும்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

இது மாம்பழ வகையா?

இல்லை. பெயரின் ஒலியில் இருக்கும் ஒற்றுமை மட்டும்தான், வேறு எந்த உறவும் கிடையாது. இந்தப் பெயர் மலாய் மொழியிலிருந்து வந்தது. தாவரவியலில் இதற்குக் கார்சீனியா மாங்கோஸ்டானா என்று பெயர், 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. லோரான் கார்சான் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரின் நினைவாக 'கார்சீனியா' வந்தது. இதன் உண்மையான உறவினர்கள் யார் என்று கேட்டால், குடம்புளியும், அதைப் போலவே சமையலில் புளிப்புக்குப் போடும் கோகம் பழமும். இரண்டும் இதே கார்சீனியா பேரினம். புளிப்புக்குப் பேர் போன அந்தக் குடும்பத்தில் பிறந்த பழம் என்று தெரிந்துகொண்டால், மங்குஸ்தானின் இனிப்புக்கு அடியில் ஓடுகிற அந்த மெல்லிய புளிப்பு எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிடும்.

ருசி எப்படி இருக்கும்? எதைப் போல என்று சொல்ல முடியுமா?

லிச்சி மாதிரி, திராட்சை மாதிரி, பீச் மாதிரி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எதுவும் முழுசாகப் பொருந்தாது. நான் சொல்வது இவ்வளவுதான்: சுளை நாக்கில் பட்டவுடன் இனிப்பு, அது திகட்டுவதற்குள் ஒரு புளிப்பு வந்து அதைத் துடைத்துவிடும், மென்று முடிப்பதற்குள் சுளை கரைந்து போயிருக்கும். நார் இருக்காது. பலாப்பழம் மாதிரி வீடெல்லாம் மணக்கும் வாசனையும் இருக்காது. பழத்தை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு "ஒண்ணுமே வரலையே" என்று ஏமாறாதீர்கள், மங்குஸ்தானில் மணம் தரும் பொருட்களின் அளவே மிகக் குறைவு, வாயில் போட்ட பிறகுதான் அந்த மணம் லேசாகத் தெரியும்.

பார்வைக்குச் சுளைகள் பால் வெள்ளையாக, உரித்த பூண்டுப் பற்களை வட்டமாக அடுக்கியது போல இருக்கும். அந்தக் கருஞ்சிவப்புக் கிண்ணத்துக்குள் அந்த வெள்ளையை முதல்முறை பார்க்கும்போது ஒரு நிமிஷம் சாப்பிடத் தோன்றாது, பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

நல்ல பழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் படித்தாலும் போதும்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்துப் பழத்தின் இடுப்பில் மெதுவாக அமுக்கினால் தோல் கொஞ்சம் இறங்கிக் கொடுக்க வேண்டும், ரப்பர் பந்து மாதிரி ஒரு சின்ன அசைவு போதும். கல்லு மாதிரி இருந்தால் அது பழசு, அல்லது எங்கோ அடிபட்டது. அழகாகப் பளபளவென்று இருக்கும், நிறமும் சரியாக இருக்கும், ஆனால் உள்ளே சுளை பழுப்பாகிப் புளித்துப் போயிருக்கும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்து மறுபக்கம் அமுங்கினாலும் அதை விட்டுவிடுங்கள்.

இது ஏன் என்று தெரிந்துகொண்டால் மறக்காது. மங்குஸ்தானின் தோல் பார்ப்பதற்குத்தான் முரட்டுத்தனமாக இருக்கும், உண்மையில் மிகவும் நோகக்கூடியது. சின்ன உயரத்திலிருந்து கீழே விழுந்தாலே, அடிபட்ட இடத்தில் ஒரு நாளைக்குள் தோல் இறுகத் தொடங்கிவிடும். அந்த இடத்தில் லிக்னின் சேர்கிறது, மரக்கட்டைக்கு உறுதி கொடுக்கும் அதே பொருள்தான். அதாவது தோல் உண்மையாகவே மரமாகிறது. வெளியே கீறல் தெரியாது, கறுப்பு தெரியாது, விரலுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் குவியலிலிருந்து அள்ளிப் போட்டுக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடுத்து தலையைப் பாருங்கள். காம்பை ஒட்டி நான்கு தடித்த இதழ்கள் இருக்கும். பச்சையாக, விறைப்பாக இருந்தால் பறித்து அதிக நாளாகவில்லை. பழுப்பாகிச் சுருண்டு, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தால் நாளாகிவிட்டது. கையில் எடுத்துப் பார்க்கையில் அதன் அளவுக்கு எடை கனமாக இருக்க வேண்டும். அளவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பெரிய பழம்தான் நல்ல பழம் என்று எந்த விதியும் இல்லை.

அடியில் ஒரு சின்னப் பூ வரைந்தது மாதிரி இருக்கிறதே, அது என்ன?

பூவில் இருந்த சூல்முடியின் மிச்சம். அதில் எத்தனை இதழ் இருக்கிறதோ, உள்ளே அத்தனை சுளை. எண்ணிப் பார்த்துவிட்டு உடைத்துப் பாருங்கள், சரியாக இருக்கும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வரை, சில நேரம் நான்கோ எட்டோ. குழந்தைகள் கையில் கொடுத்தால் இதற்காகவே நாலு பழம் கூடுதலாக உடைப்பார்கள். இதில் பயனும் உண்டு: இதழ் அதிகம் உள்ள பழத்தில் சுளைகள் சின்னதாக, கொட்டையில்லாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். எனக்கு அப்படிப்பட்ட பழம்தான் பிடிக்கும், தேர்ந்தெடுக்கும்போது திருப்பிப் பார்த்தே எடுப்பேன்.

எப்படி உடைப்பது? கத்தி வேண்டுமா?

முதல்முறை எனக்கு இந்தப் பழம் கிடைத்தபோது ஆப்பிள் வெட்டுவது போலக் கத்தியை மேலிருந்து கீழே ஒரே அழுத்தாக இறக்கினேன். சுளைகள் நறுங்கி, கொட்டை வெட்டுப்பட்டு, தோலின் ஊதாச் சாறு வெள்ளைச் சதையெல்லாம் பரவிவிட்டது. வாயில் போட்டால் அப்படி ஒரு துவர்ப்பு, வாய் இழுத்துக்கொண்டது. இந்தப் பழம் எனக்குச் சரிவராது என்று மூன்று வருடம் தொடவே இல்லை. அப்புறம் ஒரு நண்பர் என் கண்ணெதிரே இரண்டு உள்ளங்கையால் அமுக்கி ஒன்றைத் திறந்து நீட்டியபோதுதான், நான் அன்று தின்றது தோலின் சாற்றை, பழத்தை அல்ல என்று தெரிந்தது.

ஆகவே முதல் வழி, கை. பழத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, விரல்களைக் கோத்துக்கொண்டு, மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். தோல் ஒரு பக்கம் விரிசல் விடும். விட்டவுடன் அழுத்துவதை நிறுத்திவிட்டு, கட்டைவிரலால் விரிசலை அகலப்படுத்தி மேல்மூடியைக் கழற்றுங்கள். சுளைகள் அடிப்பாதியில் உட்கார்ந்திருக்கும். நல்ல பழம் இப்படி எளிதாகத் திறக்கும். எவ்வளவு அழுத்தியும் திறக்காத பழத்தோடு போராட வேண்டாம், அது எதற்கு இறுகியிருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன்.

கையில் தெம்பு இல்லையென்றால் கத்தி. ஆனால் இடுப்பைச் சுற்றி வட்டமாக, தோலின் கனத்துக்கு மட்டும், அரை சென்டிமீட்டரை ஒட்டிய ஆழத்தில் கீறிவிட்டு, மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் எதிரெதிர்த் திசையில் திருகுங்கள். கத்தி சுளையைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். சுளைகளை விரலால் எடுக்கலாம், முள்கரண்டியால் எடுத்தால் தோலின் சாறு ஒட்டாமல் சுத்தமாக வரும்.

உள்ளே மஞ்சளாகப் பிசின் மாதிரி இருக்கிறது. சாப்பிடலாமா?

வெளித்தோலில் மட்டும் மஞ்சள் துளிகள் காய்ந்து ஒட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. அது மரத்தின் பால், சுரண்டினால் போய்விடும். சுளையின் மேலேயே மஞ்சள் படிந்திருந்தால் அந்தச் சுளை கசக்கும். அந்த இடத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்ற சுளைகளைச் சாப்பிடலாம். அறுவடைக்கு முன் கனமழை பெய்து பழத்துக்குள் நீர் அழுத்தம் கூடும்போது பால்குழாய்கள் வெடித்து இப்படி ஆவதுண்டு.

அதே மழையால் வரும் இன்னொன்று கண்ணாடிச் சுளை. வெள்ளையாக இருக்க வேண்டிய சதை பாதி ஒளி ஊடுருவுகிற மாதிரி, மொறுமொறுவென்று, வெள்ளரிக்காயைக் கடித்தது போல இருக்கும். கெட்டுப்போனதல்ல. ருசி மட்டும் மட்டு. முதல் பழமே இப்படி அமைந்துவிட்டால் இன்னொன்றை உடைத்துப் பார்க்காமல் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பழுப்பு நிறமோ புளித்த சாராய வாடையோ வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

கொட்டையை விழுங்கலாமா?

பெரிய சுளை ஒன்றிலோ இரண்டிலோதான் கொட்டை இருக்கும். கசக்கும், கடிக்காமல் துப்பிவிடுங்கள். சதை கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வாயில் வைத்துச் சப்புவதுதான் வழி.

இதழ்களுக்கு அடியில் எறும்பு இருந்தது!

இருக்கும். காம்பிதழ்களுக்கு அடியில் எறும்புகளும் மாவுப்பூச்சிகளும் ஒளிந்துகொள்ள நல்ல இடம். இது பழம் கெட்டதற்கு அடையாளமில்லை, தோல் அவ்வளவு தடிமன் என்பதால் அவை உள்ளே போவதில்லை. தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, இதழ்களைத் தூக்கிக் கழுவித் துடைத்தால் சரி.

கறை படியுமாமே?

படியும், நன்றாகவே படியும். தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், துணிக்குச் சாயமேற்றவும் தோல் பதனிடவும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டையோடு உடைக்காதீர்கள். தென்கிழக்காசியாவில் சில ஹோட்டல்கள் துரியனை நாற்றத்துக்காகத் தடை செய்வது போல, மங்குஸ்தானைக் கறைக்காக அறைக்குள் அனுமதிப்பதில்லை. பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டு அதன்மேல் உடையுங்கள், தோலைப் பிழிகிற மாதிரி அமுக்காதீர்கள். துணியில் பட்டால் காயவிடாமல் உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், காய்ந்தபின் எடுப்பது பெரும்பாடு.

சிவப்பாக வாங்கிவிட்டேன், வீட்டில் பழுக்குமா?

இளஞ்சிவப்புப் புள்ளிகள் வந்த பிறகு பறித்ததாக இருந்தால் பழுக்கும். பறித்த பின்னும் நிறம் மாறிக்கொண்டே போகும் பழம் இது: வெளிர்பச்சை, அதன்மேல் சிவப்புத் திட்டு, பிறகு முழுச் சிவப்பு, செம்பழுப்பு, கடைசியில் கருஊதா. புள்ளி விழுந்த நிலையிலிருந்து கருஊதா வரை வர ஏறக்குறைய ஒரு வாரம். செங்கருமை நிறத்துக்கு வந்ததும் சாப்பிடத் தொடங்கலாம், முழுக் கறுப்பாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முழுப் பச்சையாகப் பறித்தது மட்டும் தேறாது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? குளிர்பெட்டியில் வைக்கலாமா?

வெளியே காற்றோட்டமான நிழலில் நாலைந்து நாள் நன்றாக இருக்கும். பழ வணிகர்கள் 13 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருந்து இரண்டு மூன்று வாரம் தாங்க வைக்கிறார்கள். வீட்டுக் குளிர்பெட்டி 4 டிகிரியில் ஓடுவது, அந்தக் குளிர் இந்தப் பழத்துக்கு ஆகாது, சில நாளில் தோல் இறுகிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் காய்கறித் தட்டில், காகிதத்தில் சுற்றி, இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் வையுங்கள். சாப்பிடுவதற்கு முன் ஒரு மணி நேரம் குளிரவைத்துச் சாப்பிடுவது வேறு விஷயம், அது அருமையாக இருக்கும். சுளைகளை எடுத்து உறையவைத்து, பாதி உருகிய நிலையில் சாப்பிடுவதும் நல்லதுதான். முழுக்க உருகவிட்டால் சதை தொளதொளத்துவிடும்.

டப்பாவில் அடைத்த மங்குஸ்தான் கிடைக்கிறது, எனக்கு அதில் விருப்பமில்லை. சூடாக்கும்போது இந்தப் பழத்தின் மெல்லிய மணம் பெரும்பாலும் போய்விடுகிறது. மிஞ்சுவது சர்க்கரைப் பாகின் ருசிதான்.

ஜூஸ், சாலட், ஐஸ்கிரீம் என்று ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முதல் பழத்தில் வேண்டாம். ஒரு கிலோ பழம் வாங்கினால் சாப்பிடக் கிடைக்கிற சதை கால் கிலோவிலிருந்து முந்நூறு கிராம்வரைதான், மீதியெல்லாம் தோலும் கொட்டையும். அவ்வளவு குறைவாகக் கிடைப்பதை எதனோடாவது கலந்து அதன் ருசியை மறைப்பதில் எனக்கு மனம் வருவதில்லை. மிக்ஸியில் கொட்டையோடு அரைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கசப்பு இறங்கிவிடும்.

இது புற்றுநோயைக் குணமாக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்கிறார்களே?

மங்குஸ்தான் தோலில் சாந்தோன்கள் என்ற வேதிப்பொருட்கள் இருக்கின்றன, அவற்றில் முக்கியமானது ஆல்ஃபா மாங்கோஸ்டின். ஆய்வகத்தில், சோதனைக் குழாயில் அவற்றின் செயல்பாடு பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் தோலையும் சேர்த்து அரைத்த சாறும் மாத்திரையும் 'அதிசயப் பழம்' என்று விற்கப்படுகின்றன. மனிதர்களிடம் எந்த நோயையும் குணமாக்கும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு இந்தச் சாற்றைக் குடித்தவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள்.

நாம் சாப்பிடும் வெள்ளைச் சுளையைப் பொறுத்தவரை அது இனிப்பான சாதாரணப் பழம். 100 கிராமில் ஏறக்குறைய 70 கலோரி, சுமார் 18 கிராம் மாவுச்சத்து, பெரும்பகுதி சர்க்கரை. வைட்டமின் சி கூட மிகக் குறைவுதான், கொய்யாவின் பக்கத்தில் நிற்காது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மற்ற இனிப்பான பழங்களைப் போலவே இதையும் கணக்கில் வைத்துச் சாப்பிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தோல்சாற்று மாத்திரைகளைத் தொடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். பழத்தைச் சத்துக்காகச் சாப்பிட வேண்டாம், ருசிக்காகச் சாப்பிடுங்கள், ருசி போதுமான காரணம்.

விக்டோரியா ராணி இந்தப் பழத்துக்குப் பரிசு அறிவித்தாராமே?

புதிதாகப் பறித்த மங்குஸ்தானைக் கொண்டுவந்து தருபவருக்கு 100 பவுன் என்று அறிவித்தார் என்பது கதை. டேவிட் ஃபேர்சைல்ட் என்ற அமெரிக்கப் பழ ஆய்வாளர் 1930-ல் எழுதியதிலிருந்து பரவியது. அதற்கு ஆதாரமான அரசாங்க ஆவணம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் கதை ஏன் நம்பும்படி இருக்கிறது என்றால், கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்யும் அளவுக்கு இந்தப் பழம் தாங்காது. மரம் மலாய்த் தீவுப் பகுதிகளின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழகியது, குளிர்நாடுகளில் வளராது. துரியனைப் பழங்களின் ராஜா என்றும் இதை ராணி என்றும் சொல்வார்கள்.

பழ ஈக்களுக்குப் பயந்து அமெரிக்கா கூட வெகுகாலம் ஆசியாவிலிருந்து இதை உள்ளே விடவில்லை. 2007-ல்தான் கதிர்வீச்சு கொடுத்த தாய்லாந்துப் பழங்களுக்கு அனுமதி கிடைத்தது.

சாப்பிட்ட பழத்தின் கொட்டையை நட்டால் முளைக்குமா?

முளைக்கும், உடனே நட்டால். காய்ந்துவிட்டால் கொட்டை செத்துவிடும், பழத்திலிருந்து எடுத்த சில நாளிலேயே. சதையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு அன்றே ஈர மண்ணில் வையுங்கள். இருப்பதிலேயே பெரிய, கனமான கொட்டையாகத் தேர்ந்தெடுங்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கொட்டை மகரந்தச் சேர்க்கையால் உண்டானதல்ல. தாயின் திசுவிலிருந்தே நேரடியாக உருவாகிறது. அதனால் கொட்டையிலிருந்து வரும் கன்று கிட்டத்தட்ட அப்படியே தாய்மரம்தான், மாமரம் மாதிரி "கொட்டை போட்டால் எந்த ருசி வருமோ" என்ற சந்தேகம் இல்லை. பிடித்த பழத்தின் கொட்டையை நட்டால் அதே பழம் வரும்.

ஆனால் பொறுமை வேண்டும். வேர் பலவீனமானது, வேர்த்தூவிகள் இல்லாததால் தண்ணீரையும் சத்தையும் மெதுவாகத்தான் எடுக்கும். முதல் சில வருடங்கள் நேர்வெயில் ஆகாது, மண் காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. காய்க்க ஏழெட்டு வருடம் முதல் பத்து வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஒரு தடவைக்கு ஒரு ஜோடி இலைதான் விடும், அப்புறம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், செத்துவிட்டதோ என்று பயந்து பிடுங்கிப் பார்த்துவிடாதீர்கள். என் தொட்டியில் இருக்கிற கன்றுக்கு இது மூன்றாவது வருடம். ஒரு அடி உயரம், பன்னிரண்டு இலை, போன வாரம் நுனியில் அடுத்த ஜோடி செம்பச்சையாக எட்டிப் பார்த்திருக்கிறது.